பெட்டியின் மூக்கில் வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலையில் தினேஷ் போன் செய்தான். அவன் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் டெக்னீஷியன். குறிஞ்சிப்பாடிக்காரன். மே மாதம் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சேர்ந்தான். செக்‌ஷனில் எல்லாரும் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் என்னை மாமா என்றே கூப்பிடுவான்.

“மாமா, டேங்க் மேல இருக்கிற வயர்லெஸ் பெட்டியில எல்லாம் மஞ்சக் கலர்ல ரவுண்டா ஒரு ஸ்டிக்கர் இருக்கே, ‘பொட்டு இங்கே’ன்னு. யாரு மாமா ஒட்னது? நம்ம ஆளுங்க போட்டோ புடிச்சி வெச்சிக்கினு சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும்.”

“இல்ல மாமா, புதுசா பெட்டி வந்திருக்கு. அதுலயும் ஒட்டணுமா? உங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சிதம்பரத்தில் என் வீட்டில் அந்நேரம் என் மனைவி தையல் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சந்தன வாசனை கூடம் முழுக்க வந்தது. அந்த வாசனை இப்போது எனக்கு ஆவதில்லை. வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

தினேஷ் கேட்டதற்குப் பதில் போனில் அடங்காது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அவனும் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஐ.டி.ஐ. முடித்தது, அப்ரண்டிஸாக மூத்தவர்களுக்கு டீ வாங்கி வந்தது, காற்றழுத்தத்தில் ஓடும் பழைய மீட்டர்களைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தது, இதையெல்லாம் விஸ்தாரமாக எழுத ஆசைதான். ஆனால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூர்த் தொழிற்பேட்டை வாசலில் இறங்கி, வேலை முடிந்து எதிர்ப்பக்கம் நின்று மறுபடி பஸ் ஏறுவதிலேயே பாதி ஆயுசு போய்விட்டது.

எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் திரவம் நிரப்பிய எங்கள் சால்வென்ட் தொட்டிகள் உப்பனாற்றை ஒட்டி இருந்தன. அந்த உப்புக்காற்றுக்கு இரும்பே தாங்காது, கேபிள் எம்மாத்திரம். 2004 சுனாமியில் ஆற்று வழியாக ஏறி வந்த தண்ணீர் கேபிள் பள்ளத்தில் நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம் நாங்கள் அந்தக் கேபிள்களோடு மல்லுக்கட்டினோம். எந்தத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ட்ரோல் ரூம் திரை காட்ட வேண்டும். காட்டும், ஆனால் பொய்யாகக் காட்டும். கடைசியில் ஓர் ஆள் ஏணிப்படி ஏறி, பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை உள்ளே இறக்கி அளந்து வருவான்.

2009இல் வயர்லெஸ் பெட்டிகள் வந்தன. தடித்த அலுமினிய வார்ப்பு, டிபன் கேரியர் உயரம், தலையில் ஒரு ஆன்டெனா. உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர். விசிறி கிடையாது, சுவிட்ச் கிடையாது, திரை கிடையாது. வெயில், மழை, அதிர்வு எதற்கும் அசையாது என்று விற்றவர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு தொட்டி உச்சியிலும் ஒன்று. ஆற்றோரப் பெட்டி சொல்வதை நடுப்பெட்டி வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், அது கண்ட்ரோல் ரூமுக்குக் கொடுக்கும். வயரே இல்லை. எனக்கு முதலில் நம்பிக்கையும் இல்லை.

என்னை நம்ப வைத்தவர் ஸ்டெல்லா மேடம். எங்கள் செக்‌ஷனின் துணை மேலாளர், கடலூர் முதுநகர்க்காரர், கிறிஸ்தவர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அடுத்த ஏப்ரலில் செக்‌ஷனுக்கே தலைமையாக வரப்போகிறவர் என்று 2011இல் எல்லாரும் பேசிக்கொண்டோம். ஒரு பெண் அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததில்லை.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்ட வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பார். “இந்த போல்ட் ஏண்ணே இப்டி இருக்கு?” என்பார். அப்போதுதான் நான் செய்த கூத்து எனக்கே தெரியும். பெட்டி மூடியை மூடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வெள்ளைத் துணியால் மூடி விளிம்பின் ரப்பர் கேஸ்கெட்டைத் துடைப்பார். ஒரு தலைமுடி கிடந்தாலும் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பிறகு போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். கடைசியில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பார். உருவிக்கொண்டு வந்தால் மூடியை மறுபடி கழற்ற வேண்டும். கிழிந்தால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

மூடியின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒரு வட்டம் உண்டு. அதை முதல் நாளே எனக்குக் காட்டினார்.

“இதுதாண்ணே பெட்டியோட மூக்கு. காத்த வுடும், தண்ணிய வுடாது. வெயில்ல உள்ள இருக்கிற காத்து விரியும், மழை பேஞ்சா சட்டுனு சுருங்கும். மூக்கு தெறந்திருந்தா அது பாட்டுக்கு மூச்சு வுட்டுக்கும். மூக்க அடைச்சிட்டா எங்க இடுக்கு இருக்கோ அங்கேர்ந்து ஈரத்த உறிஞ்சிடும்.”

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மறுவருஷம் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஆள் ஒருவன் ஒரு பெட்டியின் மூக்கு மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிட்டான். “டேய், மூக்க அடைச்சிட்டியேடா, உன் மூக்குல அடிச்சா சும்மா இருப்பியா?” என்று ஏணி உச்சியிலிருந்து நான் போட்ட சத்தம் கேன்டீன் வரை கேட்டதாம். அவ்வளவு வாய் எனக்கு.

இனி 2010 ஆயுத பூஜை.

தொட்டி வளாகத்துக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே சோதித்துப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த விதி எங்கள் கண்ணுக்குத் தெரியாது. பூசணிக்காய் உடைத்து, கேட்டுக்கு உட்பக்கமே கற்பூரம் ஏற்றுவோம். அந்த வருஷம் ஸ்டெல்லா மேடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

“அண்ணே, கற்பூரத்த மட்டும் கேட்டுக்கு வெளிய வெச்சி ஏத்திக்கலாமா? உள்ள சால்வென்ட் இருக்கு.”

ஃபிட்டர் செக்‌ஷன் ஃபோர்மேன் தனபால் என் வயதுக்காரன், என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன். அவன் அவருக்குக் கேட்கும்படியே சொன்னான்.

“வருஷா வருஷம் இங்கதான மச்சான் ஏத்துறோம், இன்னா ஆயிப்போச்சி? வேதக்கார அம்மா வந்ததும் நம்ம சாமிக்கு நெருப்பு ஆவாது போல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி என்று அங்கே எல்லாரையும் விட நன்றாகத் தெரிந்தவன் நான். புதிதாகச் சேரும் ஆட்களுக்குத் தீப்பெட்டி விதியைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

கற்பூரம் உள்ளேயே எரிந்தது. பூஜையை மேடம் தடுத்துவிட்டார் என்று மதியத்துக்குள் பிளான்ட் மேனேஜர் அறை வரை பேச்சு போய்விட்டது. அவர் மேடத்தைக் கூப்பிட்டு, அனுசரித்துப் போகச் சொன்னார். மறுநாள் காலை மேடம் எங்கள் செக்‌ஷனுக்கு வந்தார். நான்தான் மூத்தவன் என்பதால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நேத்து நான் பேசுனதுல யாருக்காச்சும் மனசு கஷ்டமா இருந்தா மன்னிச்சிக்குங்கண்ணே.”

“பரவால்ல மேடம். தெரியாம சொல்லிட்டீங்க” என்றேன்.

தெரியாமலாம்! அதை இப்போது எழுதும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பெரிய மனசு பண்ணிவிட்ட மாதிரி அவருக்குப் பொரிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷப் பூஜைக்கு அவர் வந்து எல்லாருக்கும் பின்னால் நின்றார். கற்பூரம் வழக்கமான இடத்தில் எரிந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. மேடம் நல்லா மாறிட்டாங்க என்று தனபால் என் காதில் சொன்னான்.

எங்கள் மீட்டர்களுக்குப் பொட்டு வைப்பது என் உரிமை, அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தொட்டி உச்சிப் பெட்டிகளுக்கும் வைக்கப் போனேன். கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். பெட்டி மூடியைப் பார்த்தால் நெற்றி மாதிரி இருக்கும், நடுவில் பொட்டு வைக்கவே செய்த மாதிரி ஒரு வட்டம். அதன் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். போன வருஷம் இதே வட்டத்துக்காக ஒருவனை வாய்க்கு வந்தபடி ஏசியவன்தான். பெயின்ட் அடைக்கும் என்று தெரிந்த எனக்கு, சந்தனமும் அடைக்கும் என்று தோன்றவே இல்லை. சந்தனத்தை அழுக்கோடு சேர்த்து நினைக்க எனக்குப் பழக்கமில்லை.

முதல் தொட்டியின் கீழே மேடம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு விரலால் சந்தனத்தை அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்தார்.

“அண்ணே...” என்றார்.

“இன்னா மேடம்?”

நான் கிண்ணத்தோடு குனிந்து பார்த்தேன். கேட்டருகே தனபாலும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லண்ணே. படி ஈரமா இருக்கு. பாத்து எறங்குங்க.”

ஆற்றோரத்துக் கடைசிப் பெட்டிக்குப் போனபோது சந்தனம் தீர்ந்துவிட்டது. உனக்கு அடுத்த வருஷம் வைக்கிறேன் என்று அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். பூஜைப் பொட்டை நாங்கள் துடைக்க மாட்டோம், தானாகத்தான் போக வேண்டும். ஐப்பசி மழையில் குங்குமம் கரைந்தது. சந்தனம் அந்த வட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் இறுகி உட்கார்ந்துவிட்டது.

டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. முந்தின நாளே பஸ் நின்றுவிட்டதால் நான் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டேன். மேடமும் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் விடிந்தும் விடியாததுமாகக் காற்று மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூம் ஜெனரேட்டரில் ஓடியது. ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு சால்வென்ட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருந்தது, எதில் எவ்வளவு மிச்சம் என்பது பெட்டிகள் சொன்னால்தான் உண்டு. திரையில் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

தொட்டிகளைச் சுற்றி இடுப்பளவு மதில் உண்டு, கசிந்தால் வெளியே ஓடாமல் இருக்க. அதற்குள் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வடிகாலைத் திறந்தால் வெளித் தண்ணீரும் உள்ளே வரும். காலித் தொட்டி அந்த வெள்ளத்தில் காலிக் குடம் மாதிரி கிளம்பிவிடும், அதோடு குழாய்களும் பிய்யும். காலியான தொட்டி எது என்று தெரிந்தால் அதில் மட்டும் டீசல் பம்பால் தண்ணீர் நிரப்பிக் கனமாக்கிவிடலாம். தெரியவில்லை.

“நான் போறேன்” என்றான் செல்வமணி. அந்த ஷிப்ட் ஆபரேட்டர், கடலோரக் குப்பத்துப் பையன், வீட்டில் இன்னும் படகு வைத்திருந்தார்கள். மேடம் வேண்டாம் என்றார். காற்று கொஞ்சம் தணிந்தபோது அவன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“கடல்ல பாக்காத காத்தா மாமா?” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினான்.

ஏறினான், அளந்தான், வாக்கி டாக்கியில் கணக்குச் சொன்னான். நடுத்தொட்டிதான் காலி. நாங்கள் பம்பைப் போட்டோம். அவன் இறங்கும்போது எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் ஒன்று படிக்கட்டில் மோதியது. கைப்பிடியை விட்டான். மதிலுக்குள் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்ததால் உயிர் தப்பியது, தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. சாலை முழுக்க மரம். கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி, மரங்களைத் தாண்டித் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம். மேடம் அவன் தலைக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

தொட்டி மிதக்கவில்லை. தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை விட்டதும் பெட்டிகளைக் கழற்றி ஒர்க்‌ஷாப் மேசைக்குக் கொண்டுவந்தோம். மேடம் வழக்கம்போலக் காகிதத் துண்டை இழுத்துப் பார்த்தார், கிழிந்தது. மூடல் சரி. திறந்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர், போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் உள்ளே காய்ந்து கிடந்தது, ஆற்றோரத்துக் கடைசிப் பெட்டி. புயலில் அதுவும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அதை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கப் பக்கத்துப் பெட்டிதான் உயிரோடு இல்லை. அதற்கு மட்டும் சந்தனம் போதவில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்துவிட்டது.

மேடம் ஒரு மூடியைத் திருப்பி, வெள்ளைத் துணியை ஈரமாக்கி அந்த வட்டத்தைத் துடைத்தார். துணியில் மஞ்சள் வந்தது, அதன் நடுவே லேசாகச் சிவப்பு. ஒர்க்‌ஷாப்பில் சந்தனம் மணந்தது. துணியை மடித்து மேசை மேல் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். பிளான்ட் மேனேஜர், மேடம், தனபால், நான் எல்லாரும் ஒரே அறையில். என்னைக் கேட்கும் முன்பே, “நான்தான் சார் வெச்சேன்” என்றேன்.

“நீங்க பூஜை பண்ணீங்க, அது வழக்கம்” என்றார் வந்தவர். “மேற்பார்வை பாக்குறவங்க தடுத்திருக்கணும். மேடம், நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“அடைச்சிக்கும்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“பின்ன ஏன் சொல்லல?”

 பிளான்ட் மேனேஜர் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனபால் முகத்தில் ஈயாடவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது கேட்டவரைத் தவிர அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்தேன்.

“சார், அதுக்கு முந்தின வருஷம் மேடம் ஒண்ணு சொல்லி, நாங்க...”

“அது வேற விஷயம். அத இங்க இழுக்காதீங்க” என்றார் பிளான்ட் மேனேஜர்.

“சொல்லியிருக்கணும் சார். என் தப்புதான்” என்றார் மேடம்.

அதோடு முடிந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. அவருக்கு ஏப்ரலில் வரவேண்டிய பதவி வரவில்லை, வடக்கே வேறொரு யூனிட்டுக்கு மாற்றல் வந்தது. செல்வமணியைப் பார்க்கப் போனேன். எலும்பு ஒழுங்காகச் சேராமல் ஒரு கால் கட்டையாகிவிட்டது. இனி படகில் நிற்க முடியாது, படியும் ஏற முடியாது. ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். நடந்ததை எல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அவ்ளோ உசரத்துலேர்ந்து வுழுந்தும் உசுரோட இருக்கேன்னா, நீங்க வெச்ச பொட்டுதான் மாமா காப்பாத்திச்சி” என்றான்.

அன்று அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மாற்றலாகிப் போவதற்கு முன் மேடம் ஒரு கட்டு ஸ்டிக்கர் அச்சடித்துக் கொண்டுவந்தார். மஞ்சள் வட்டம், அதில் ‘பொட்டு இங்கே’. மூடியின் கீழ் மூலையில், மூக்கிலிருந்து தள்ளி, மறுபடி மாட்டிய ஒவ்வொரு பெட்டியிலும் தாமே ஒட்டினார். நான் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கூட நடந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“மேடம், மூக்குக்குப் பக்கத்துல ‘இங்க பூசாதீங்க’ன்னு ஒண்ணு ஒட்னா போதுமே?”

அவர் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சிரித்தார்.

“வேணாண்ணே. அத நான் எழுதுனா வேற மாதிரி ஆயிடும்.”

ஒருவன் கால் போயிருக்கிறது, அவருடைய பதவி போயிருக்கிறது. அதற்கும் பிறகு, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை எங்களிடம் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படி அவரை ஆக்கி வைத்திருந்தோம். எனக்கு அந்தத் தொட்டி உச்சியில் நிற்கவே கூசியது. அடுத்த மூடியைத் துடைத்தேன்.

இதை இன்னும் ஒழுங்காக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே தினேஷ் மறுபடி கூப்பிட்டுவிட்டான்.

“மாமா, பெட்டிய மாட்டிட்டோம். ஸ்டிக்கர் வேணுமா வேணாமா?”

“ஒட்டு. அதோட, மூடி நடுவுல கறுப்பா ஒரு வட்டம் இருக்கும் பாரு, அதுக்குப் பக்கத்துல, ‘இங்கே சந்தனம், குங்குமம், எதுவும் பூசக் கூடாது’ன்னு பெருசா எழுதி ஒட்டு. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

“இதுக்கு எதுக்கு மாமா உங்க பேரு? பூசக் கூடாதுன்னா கூடாது. இதப் போய் யாரு இன்னா சொல்லப் போறா?” என்றான் தினேஷ்.

மேடத்தால் கடைசி வரை சொல்ல முடியாத சொல் அது. அவன் லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.